சட்டி எண்ணெயில் ஓடிய இன்ஜின்

மாவு மில் நடத்துகிறவனுக்கு எஜமானர்கள் இரண்டு பேர்: இன்ஜின் ஒன்று, ஜனங்கள் ஒன்று, எண்ணெய் கிடைக்காவிட்டால் இன்ஜின் பேசாமல் நின்றுவிடும், ஜனங்கள் அப்போதுதான் பேசத் தொடங்குவார்கள். யுத்த காலத்தில் சைக்கிள் கடையோ சலவைக் கடையோ ஏதாவது ஒரு தொழிலைக் கட்டிக்கொண்டு மாரடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

பர்மா அரிசி வருவது நின்றதும் ரேஷன் கடையில் கோதுமையைப் போட்டார்கள். தூத்துக்குடியில் அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அரிசி மாதிரி வேகவைத்துத் தின்று வயிறு நொந்தவர்கள், மாவாகத் திரித்துக் களி கிண்டலாம் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்து என் மில்லுக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு வந்துகொண்டிருந்த டீசலைக் கால்வாசியாகக் குறைத்துவிட்டார்கள். கோதுமையைக் கொடுத்த அதே சர்க்கார்தான் அதைத் திரிக்கிற வழியையும் அடைத்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

என் வீட்டை ஒட்டி மில் இருந்த கொட்டகை, எதிர்வீட்டு ஆறுமுகம் அண்ணாச்சிக்குச் சொந்தம். உப்பு மூட்டை அடுக்க அந்த இடத்தை ஒரு வியாபாரி கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “இன்ஜின் சத்தம் கேக்குற வரைக்கும் இடம் உமக்குத்தான்வே. ஒருநாள் சத்தம் நின்னாலும் உப்பு மூடையை அடுக்கிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்பிடாது.” அந்த மில்லை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஐம்பது தாண்டியவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

என்னுடையது மெதுவாகச் சுற்றுகிற பழைய ரக இன்ஜின். கொஞ்சம் டீசலில் கிளப்பிச் சூடேற்றிவிட்டால், பிறகு குழாயைத் திருப்பி நிலக்கடலை ஆட்டிய கடலெண்ணெய் விட்டாலும் ஓடும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடியும் கொஞ்சம் டீசல். ஆனால் அடுப்புக்கே எண்ணெய் இல்லாத ஊரில் இன்ஜினுக்குக் கடலெண்ணெய் எங்கே கிடைக்கும்? பலகாரம் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போய், கடைக்காரன் கடைசியில் கொட்டுகிற சட்டி எண்ணெய்தான் மிச்சம்.

கொட்டுகிற பொருள்

முத்துமாலை என்று ஒரு காராச்சேவுக் கடைக்காரர். கறுத்த எண்ணெயை அவர் சாக்கடையில் ஊற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டிக்காரர்கள் அச்சுக்குப் போடக் கேட்டால் சும்மா கொடுப்பார். அவரிடம் போய், “அந்தக் கழிவு எண்ணெயை எனக்கு ஊத்தி வையுமே” என்றேன். அவ்வளவுதான். அதுவரை கழிவாக இருந்தது அந்த நிமிஷமே சரக்காகிவிட்டது. தகரத்தை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு, “எதுக்கு?” என்றார்.

“இன்ஜின்ல ஊத்தி எரிக்க” என்று உள்ளதைச் சொன்னேன். மனிதர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. கடை வாசலில் நின்றவர்களெல்லாம் என்னை ஏதோ கோயில் உண்டியலை உடைக்க வந்தவனைப் போலப் பார்த்தார்கள். அந்தக் கறுப்புக் குழம்பில் கொசு செத்து மிதந்துகொண்டிருந்தது. முத்துமாலை சொன்னார்: “எரிக்கதுக்குன்னா தர மாட்டேன் அண்ணாச்சி, திங்குத பொருளை எரிக்கது பாவம்லா, திங்குததுக்குன்னா சொல்லுங்க, இப்பவே தாரேன்.”

புறவாசல்

நாலைந்து கடைகள் ஏறி இறங்கிய பிறகு எண்ணெய் வரத் தொடங்கியது. கடைசியில் முத்துமாலையும் ஒரு விலை வைத்துக் கொடுத்தார். அதை அப்படியே இன்ஜினில் ஊற்ற முடியாது. ஒரு துளி தண்ணீர் இருந்தாலும் இன்ஜின் இருமும். ஒரு காராச்சேவுத் துண்டு போனாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். வீட்டுப் புறவாசலில் பழைய அண்டாவை வைத்து, படபடவென்று வெடிக்கிற சத்தம் அடங்கும்வரை காய்ச்சுவேன். வெடிப்பு நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு டின்களில் ஊற்றி அசையாமல் வைத்தால் மண்டி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை நாலாக மடித்த வேட்டியில் ஒருதரம், திரேஸ்புரத்தில் வாங்கிய தோணிப்பாய்த் துணியில் ஒருதரம் வடிகட்டுவேன். பாய்த்துணியில் அது சொட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சாமியாராகப் போய்விடலாம் என்று தோன்றும்.

எல்லாவற்றிலும் மோசம் கருப்பட்டி மிட்டாய் பொரித்த எண்ணெய். எத்தனை தரம் வடிகட்டினாலும் பாகு விடாது. தெருவில் உள்ள எறும்பெல்லாம் எங்கள் புறவாசலுக்குக் குடிவந்துவிட்டது. என் மனைவி சண்முகவடிவு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தால் எனக்குப் பயம். ஒருநாள் தாளிக்க எண்ணெய் இல்லாத வெறும் குழம்பை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “இன்ஜினுக்குக் காய்ச்சி, ஆறவச்சு, வடிகட்டி, பதம் பாத்து ஊட்டுதிய, நானும் ஒரு இன்ஜினாப் பொறந்திருக்கலாம்.”

மூக்கு

இன்ஜின் ஓடியது. சந்தோஷப்பட விட்டார்களா? புகைபோக்கியிலிருந்து டீசல் நாற்றத்துக்குப் பதில் பலகார வாசம் கிளம்பியது. அன்றைக்கு வந்த எண்ணெயைப் பொறுத்து, ஒருநாள் முறுக்கு, ஒருநாள் வடை. தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, “சூடா இருக்கா?” என்று கேட்டார்கள். விரதக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். புகை மாவில் படுவதில்லை, இன்ஜின் ஒரு அறையில், அரவைக் கல் வேறொரு அறையில் என்று தொண்டை வற்றச் சொன்னேன். எண்ணெய்க்காகக் கால் தேய நடக்கிறவன் நான். இவர்களுக்கு அதன் வாசம் ஒரு புகார்!

திரேஸ்புரத்திலிருந்து வாரந்தோறும் கோதுமை கொண்டுவருகிற சூசையம்மாள் வாய்த்துடுக்கான மனுஷி. அவள் புருஷன் தோணியில் போகிறவன். அன்றைக்கு மீன் பொரித்த எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்கி வைத்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஐயையோ, இன்னைக்கு எனக்கு ஒருசந்தில்லா!” என்றாள். ஒருசந்தி என்றால் வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, ஒருவேளை மட்டும் உண்கிற உபவாச நாள். “ஒருசந்தி வாய்க்குத்தானே, மூக்குக்கு என்ன?” என்றேன் எரிச்சலோடு. பங்குச் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய கவலை அவளுக்கு: “பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்ட என்னன்னு சொல்லுவேன் அண்ணாச்சி? மாவு திரிக்கப் போன எடத்துல மூக்காலயே ஒரு சீலாமீன் துண்டத்தைத் தின்னுட்டேன்னா?”

மார்கழி

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நேந்திரங்காய் வறுவல் போடுகிற ஒருவர் கொடுத்த டின்னை மற்றதோடு கலந்து ஊற்றியபோது அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. மார்கழிக் காலையில் டீசலில் கிளம்பிய இன்ஜின், குழாயைத் திருப்பியதும் விக்கி விக்கி நின்றுபோனது. குழாய்க்குள் எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடந்தது. நானும் இன்ஜினை ஓட்டுகிற டிரைவர் பிச்சையாவும் வெந்நீரில் துணியை முக்கி முக்கிக் குழாயைச் சுற்றினோம். காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போடுவது மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தால் வாசலில் ஆறுமுகம் அண்ணாச்சி. கூட அந்த உப்பு வியாபாரி. இருவருமாகக் கொட்டகையின் நீளத்தைக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். நான் உள்ளே உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அளவெடுக்கிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாயை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அதற்காகவோ, வெந்நீருக்காகவோ தெரியாது, எண்ணெய் இறங்கியது. சக்கரத்தைச் சுழற்றியதும் இன்ஜின் சத்தம் போட்டது. அண்ணாச்சி கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “சத்தத்தைக் காணோமே, உமக்கு மேலுக்கு முடியலையோன்னு பாக்க வந்தேன்வே, வந்த எடத்துல சும்மா நிக்கப்பிடாதுன்னு அளந்தோம்.”

கண்ணாடிக் கிளாஸ்

தின்கிற எண்ணெயை நான் எரிப்பதாக யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். ஓர் அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர், கால்சட்டை, தொப்பி. புறவாசலில் வடிகட்டி வைத்திருந்ததை ஒரு கண்ணாடிக் கிளாஸில் எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். நான் பட்ட பாடெல்லாம் அந்தக் கிளாஸில் தேன் மாதிரி பளபளத்தது. உள்ளூர எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பளபளப்புதான் என்னைக் கவிழ்த்தது.

“இது வேஸ்ட் ஆயில் இல்லையே, மிஸ்டர். க்ளியரா இருக்கே” என்றார். வந்தபோது எப்படி இருந்தது என்று ஒரு டின்னைத் திறந்து காட்டினேன். மூக்கைச் சுளித்தார். “கரெக்ட். வடிகட்டுறதுக்கு முன்னாடி இது வேஸ்ட். வடிகட்டின பிறகு எடிபிள் ஆயில். எடிபிள் ஆயிலை எரிச்சா கேஸ் போடணும்.” அப்படியானால் வடிகட்டாமலே ஊற்றட்டுமா என்றேன். தாராளமாக ஊற்றலாமாம். இன்ஜின் கெட்டுப்போகுமே என்றேன். அது அவர் டிபார்ட்மென்ட் இல்லையாம். சுத்தம் செய்ததுதான் என் குற்றம். கொட்டியவன் மேல் கேஸ் இல்லை. கொட்டியதை எடுத்துத் துடைத்து வைத்தவன் மேல் கேஸ்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: யாரும் வாயில் வைக்க முடியாதபடி எதையாவது கலந்துவிட்டால் அது தின்கிற பொருள் ஆகாது, கேஸும் கிடையாது. சரி என்றேன். போகும்போது கிளாஸில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “இது எந்தக் கடை காராச்சேவு, மிஸ்டர்?”

கசப்பு

வேப்பெண்ணெயை வாங்கிக் கலந்தேன். இன்ஜினுக்கு நாக்கு இல்லை, ஓடியது. மறுநாள் சூசையம்மாள் கோதுமைப் பெட்டி இல்லாமல் குழம்புச் சட்டியோடு வந்தாள். சட்டியை என் முன்னால் டக்கென்று வைத்து, “நக்கிப் பாரும்” என்றாள். நாக்கில் வைத்தேன். மீன் குழம்பு கசந்து கொன்றது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. என் மனைவி, திரிக்க வருகிற பெண்களுக்குப் புறவாசல் வழியாக ஆளுக்கொரு சிரட்டை எண்ணெய் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. சண்முகவடிவு மறைக்கவும் இல்லை. “அவளுவ தாளிக்க வழியில்லாம நிக்காளுவ. நான் என்ன செய்ய?” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு சிரட்டை போனால் இன்ஜின் எப்படி ஓடும்? இன்ஜின் நின்றால் இடம் போகும். இடம் போனால் உங்கள் கோதுமையை யார் திரிப்பார்கள்? கத்தித் தீர்த்தேன். ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒருவன் கேட்டான்: பசிக்கிற ஊரில் எண்ணெயை எரிக்கிற நீ யாருக்கு நியாயம் சொல்கிறாய்? முத்துமாலை சொன்ன பாவம் இதுதானோ? அந்த எண்ணெய் தின்பதற்குக் கெடுதல் என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. சூசையம்மாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: “எவனோ எங்கனயோ சண்டை போடுதான் அண்ணாச்சி, கசப்பு மட்டும் எங்க நாக்குல வந்து எறங்குது.”

அதன் பிறகு, வேப்பெண்ணெய் கலப்பதற்கு முன்னால் ஒரு பானை எண்ணெயைச் சண்முகவடிவு தனியாக எடுத்து வைப்பாள். நான் அந்த நேரத்தில் இன்ஜினைத் துடைக்கப் போய்விடுவேன்.

வேப்பங்குலை

இனி யாரும் ஏமாந்து கசப்பு எண்ணெயைக் குழம்பில் ஊற்றிவிடக் கூடாதே என்று, வேப்பெண்ணெய் கலந்த டின்களில் அவள் டின்னுக்கொன்றாக வேப்பங்குலையைச் செருகி வைத்தாள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் என்றாள். கலந்த டின்கள் இன்ஜினுக்கு எடுக்கத் தோதாக முன்வாசல் நடைக்குப் பக்கம் நின்றதால் நடையிலும் ஒரு கொத்துக் கட்டினாள். நல்ல யோசனைதான் என்று நானே சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. இன்ஜின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. திரிக்கக் கோதுமை இல்லை. அண்ணாச்சிக்குச் சத்தம் கேட்க வேண்டுமே என்பதற்காக, அரும்பாடு பட்டு வடித்த எண்ணெயைக் காற்றுக்கு எரித்தேன். கோதுமைப் பெட்டியோடு வந்த பெண்கள் எங்கள் வாசலைக் கண்டதும் தெருவின் அந்த ஓரத்துக்குப் போனார்கள். ஒருத்தியை மறித்து, “ஏளா, என்ன ஒதுங்கிப் போற?” என்று கேட்டேன். அவள் இரண்டடி பின்னால் போய், கும்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “வெளியில நிக்காதிய அண்ணாச்சி, காத்து படப்பிடாது, ஆத்தா எப்ப வந்தா உங்க வீட்டுக்கு?”

உள்முத்து

வாசலில் வேப்பங்குலை, காற்றில் வேப்பெண்ணெய் வாசம். அம்மை போட்ட வீடு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. குலையைப் பிய்த்து எறியப் போனேன். சண்முகவடிவு கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் குலையை எடுத்தால், மில் நடத்துவதற்காக அம்மையை மறைக்கிறான் என்று சொல்வார்களாம். இருக்கிற நோயை மறைப்பவனைத் திட்டலாம். இல்லாத நோயை மறைப்பதாகத் திட்டு வாங்குகிறவனுக்கு எங்கே நியாயம்?

இதற்கிடையில் ஆறுமுகம் அண்ணாச்சி தெருவின் நடுவில் நின்று கூப்பிட்டார். பக்கத்தில் வரவில்லை. “அம்மை வெளையாடுத வீட்டுல தாளிக்கப்பிடாது, எண்ணெச்சட்டி வைக்கப்பிடாது. தெரியும்லா? உம்ம இன்ஜினு நாள் பூரா வடை சுட்ட வாசம் அடிக்குது. ஆத்தாவுக்கு ஆகாதுவே. நாளைலேருந்து இன்ஜினு ஓடப்பிடாது.” எனக்கு அம்மை இல்லை என்று சட்டையைக் கழற்றிக் காட்டினேன். ஒரு கொப்புளம் கிடையாது. அம்மைக் கொப்புளத்தை எங்கள் பக்கம் முத்து என்பார்கள். எட்ட நின்றபடியே கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “உள்முத்தா இருக்கும்” என்றார்.

“சரி, நிறுத்திருதேன். நிறுத்தினா உப்பு மூடை அடுக்க மாட்டியளே?” என்றேன். சாமிக்குப் பயந்து நிறுத்தச் சொல்கிற மனிதர் என் பிழைப்பில் மண்ணைப் போடமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: “பக்தி வேற, பேசின பேச்சு வேறவே.”

தலைக்குத் தண்ணி

இன்ஜினை நிறுத்தாவிட்டால் சாமிக் குற்றம். நிறுத்தினால் இடம் போயிற்று. திகைத்து உட்கார்ந்திருந்த என்னிடம் சண்முகவடிவு மஞ்சளை அரைத்துக்கொண்டே வழி சொன்னாள். அம்மை இறங்கினவர்களுக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் வீட்டில் தாளிக்கலாம், பொரிக்கலாம், யாரும் வரலாம். காலையில் எனக்கு ஊற்றிவிட வேண்டியது.

நான் குதித்தேன். வராத நோய் போனதாகத் தெருவறியக் குளிப்பதா? ஊரெல்லாம் கும்பிடுகிற ஒன்றில் பொய் சொல்லி நான் பிழைக்க வேண்டுமா? அதிகாரி பேச்சைக் கேட்டு எண்ணெயைக் கெடுத்தேன். இப்போது ஊர் பேச்சைக் கேட்டு என்னையும் கெடுத்துக்கொள்வதா? அவள் அம்மிக்குழவியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “வந்துச்சுன்னு நீங்க சொல்ல வேண்டாம். போயிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

காலையில் வாசலில் பலகையைப் போட்டு என்னை உட்காரவைத்தாள். தெருவே கூடியது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேதக்காரி சூசையம்மாள்கூட எட்டத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஐம்பது தாண்டிய, ஒரு தும்மல்கூட இல்லாத நான் மஞ்சள் தண்ணீர் ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்தேன். ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். “எறங்கிட்டாளா?” என்று அண்ணாச்சி கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். “போயிருச்சு” என்றேன். எது போனது என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறதே. கும்பிட்ட கையை எடுக்காமலே சொன்னார்: “அப்போ இன்ஜினைக் கிளப்பும்வே, இனிமே தாளிக்கலாம்.”

தலையைத் துவட்டாமலே உள்ளே போனேன். பிச்சையா சக்கரத்தைச் சுழற்றினான். மத்தியானத்துக்குள் கோதுமைப் பெட்டிகள் நடைவரை வரிசையாக நின்றன. வேப்பெண்ணெய்ப் புகை அப்படியேதான் அடித்தது. இப்போது அதைக் குறைசொல்ல ஒருவரும் இல்லை, ஆத்தா வந்துபோன இடத்து வாசம் என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இடம் என்னிடமே இருந்தது. உப்பு வியாபாரி வேறு கொட்டகை பார்த்துக்கொண்டார்.

யுத்தத்தில் எத்தனையோ பேர் எதிலிருந்தெல்லாமோ தப்பிப் பிழைத்தார்கள், ஆனால் வராத நோயிலிருந்து பிழைத்தெழுந்து ஒரு மாவு மில்லைக் காப்பாற்றியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.